ராஜாஜி மண்டபம்: ஆளுநர் மாளிகையின் விருந்துக்கூடம்

கிழக்கிந்தியக் கம்பெனி 1753-இல் வாங்கிய தோட்ட வீடு விரிவாக்கப்பட்டுச் சென்னை ஆளுநரின் மாளிகையானபின், ராபர்ட் கிளைவின் மகனும் அன்றைய ஆளுநருமான எட்வர்டு கிளைவ் அதனருகே எழுப்பிய இவ்விருந்துக்கூடம் 1802-இல் திறக்கப்பட்டது. கிரேக்கக் கோயிலின் சாயலில் இதனை வடிவமைத்த ஜான் கோல்டிங்காம், கம்பெனியின் வானியலாளராகவும் இருந்தவர்.

அகன்ற படிக்கட்டைவிட ஊன்றி நோக்கத்தக்கது, தூண்களுக்கு மேலுள்ள பெடிமென்ட் எனும் முக்கோண முகப்பு. பிளாசி (1757), சீரங்கப்பட்டணம் (1799) போர்களின் வெற்றிச் சின்னங்களை அதில் அமைத்தனர். சீரங்கப்பட்டணம் வீழ்வதற்கு ஏழாண்டு முன்னரே, 1792 உடன்படிக்கையால், சேலமும், இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளை உள்ளடக்கிய பாராமகாலும் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியின் கைக்கு மாறியிருந்தன. அங்கே நிலவரியை வகுத்த அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராயிருந்த தாமஸ் மன்றோ, 1820-இல் ஆளுநராகி இவ்வளாகத்துக்கு வந்தார்.

சேலத்தில் வழக்குரைஞராகத் தொழில் தொடங்கி, 1917-இல் அந்நகராட்சியின் தலைவரான ராஜாஜி, 1948-இல் இந்தியாவின் தலைமை ஆளுநரானார். அவ்வாண்டே இம்மண்டபம் அவர் பெயரைப் பெற்றது. படையெடுப்பின் நினைவாக எழுந்த கூடம் விடுதலைப் போராட்டத் தலைவரின் பெயரைத் தாங்குவது சற்றே வேடிக்கையான திருப்பம். மாளிகை, புதிய தலைமைச் செயலக வளாகத்துக்காக இடிக்கப்பட்டுவிட்டது.