பேச்சுவழக்கில் பிறந்த கிராமியக் கவிதை



ஐக்கிய அமெரிக்கக் கவிதை என்றதும் வால்ற் விற்மன், எமிலி டிக்கின்சன் ஆகியோரே நம் நினைவுக்கு வருவர். ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே அந்நாட்டுச் சாதாரண மக்கள் திரண்டு சென்று கேட்ட கவிஞர் வேறொருவர். அவர்தான் ஜேம்ஸ் விற்கம் றைலி.

றைலி 1849ஆம் ஆண்டு இண்டியானா மாநிலத்தின் கிறீன்பீல்ட் என்னும் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் ஒரு சட்டத்தரணி. மகனோ பெயர்ப்பலகைகளுக்கு வர்ணம் தீட்டினார். மருந்து விற்கும் குழுவொன்றுடன் ஊரூராகத் திரிந்தார். பின்னர் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தார்.

1882இல் 'இண்டியானாபொலிஸ் ஜேர்னல்' பத்திரிகையில் ஜோன்சன் என்ற விவசாயியின் பெயரிலே சில கவிதைகள் வெளியாகின. அப்படியொரு விவசாயி இருக்கவில்லை. எழுதியவர் றைலியே. அடுத்த ஆண்டு இவை நூலாகவும் வந்தன.

இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது, பூசணிக்காய் மீது உறைபனி படியும் இலையுதிர் காலத்தைப் பாடும் கவிதை. கோடையின் வெக்கை தணிந்துவிட்டது. அறுவடை முடிந்த வயலிலே சோளத்தட்டைகள் கட்டி நிறுத்தப்பட்டுள்ளன. வான்கோழியும் சேவலும் குரலெழுப்புகின்றன. 'பம்ப்கின்' என்று எழுதவேண்டிய சொல்லை, ஊரார் உச்சரிக்கும் விதமாக, 'பங்க்கின்' என்றே எழுதுகிறார் கவிஞர். எழுத்துப் பிழைபோலத் தோன்றும் இது, காதில் விழும் ஒலியைக் கண்ணுக்குக் காட்டும் முயற்சியாகும்.

இதற்கு ஏன் இவ்வளவு வரவேற்பு? அக்காலத்திலே புகைவண்டிப் பாதைகளும் தொழிற்சாலைகளும் பெருகின. கிராமத்தை விட்டு நகரத்திலே குடியேறியோர் பலர். மேடையிலே றைலி கவிதைகளைச் சொன்னபோது, அவர்கள் இழந்த வீட்டின் பேச்சு மீண்டும் கேட்டது. 1916இல் அவர் மறைந்தபோது, மாநில அரச மாளிகையிலே 35,000க்கும் அதிகமானோர் அஞ்சலி செலுத்தினர்.

ஆனால், இக்கவிதைகளிலே இனிமையே மிகுதி. விளைபொருள்களின் விலை சரிந்து, கடனிலே தவித்த அக்கால விவசாயியை இவற்றிற் காண்பது அரிது. நகரவாசியின் ஏக்கமே இங்கு விவசாயியின் குரலிற் பேசுகிறது எனலாம்.

இதே வழியில் வந்த இன்னொருவரின் கதை நம்மைச் சிந்திக்க வைக்கிறது. ஒஹாயோ மாநிலத்தின் டேற்றன் நகரிலே 1872இல் பிறந்த கறுப்பினக் கவிஞர் போல் லோறன்ஸ் டன்பார், அடிமைகளாக இருந்த பெற்றோரின் மகன். றைலி கடிதம் எழுதி இவரை ஊக்குவித்தார். பொதுவழக்கு ஆங்கிலத்திலும் கறுப்பின மக்களின் பேச்சுவழக்கிலும் டன்பார் எழுதினார். 1896இல் புகழ்பெற்ற விமர்சகர் வில்லியம் டீன் ஹவல்ஸ், இவரது பேச்சுவழக்குக் கவிதைகளையே சிறப்பித்துப் பாராட்டினார். அந்தப் பாராட்டே தளையாயிற்று. அதன்பின் வாசகர்களும் பதிப்பாளர்களும் அவரிடம் அதையே எதிர்பார்த்தனர். தமது ஏனைய கவிதைகளை எவரும் பொருட்படுத்தவில்லையே என்ற வருத்தத்துடன், 1906இல், 33ஆவது வயதிலே அவர் மறைந்தார்.

றைலிக்குப் பேச்சுவழக்கு, விரும்பியபோது அணிந்து விரும்பியபோது கழற்றிவைக்கக்கூடிய வேடம். டன்பாருக்கோ அந்த உரிமையை உலகம் வழங்கவில்லை. இருவரையும் சேர்த்துப் படிக்கும்போதே இக்கவிதை வகையின் அழகும் அதற்கு ஒருவர் கொடுத்த விலையும் நமக்குப் புலப்படும். படிக்கும்போது வாய்விட்டுப் படியுங்கள், நேயர்களே. இவை செவிக்காகவே எழுதப்பட்டவை.