சேமிப்புப் பெட்டியும் நாட்டு நேரமும்

வானொலியின் மணியோசையைக் கேட்டுக் கைக்கடிகாரத்தின் முள்ளைத் திருத்திக்கொள்வது நம் வீடுகளில் நெடுங்காலம் இருந்துவந்த வழக்கம். கடிகாரம் பிழையாக மணி காட்டினால் முள்ளைத் திருப்புவதே பரிகாரம் என்று அவ்வழக்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது. ஆனால் கணினிகள் பலவற்றுக்கும் பொதுவாக வலையமைப்பில் இணைக்கப்பட்டுள்ள சேமிப்புப் பெட்டியின் விஷயத்தில், இப்பரிகாரமே பெருந்தீங்காக முடியக்கூடும். அது ஏன் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஓர் அலுவலகத்தில் ஒருவர் எழுதிய கோப்பை மற்றவரும் எடுத்துப் பயன்படுத்துவதற்காக இத்தகைய பெட்டியை வைத்திருப்பார்கள். ஒவ்வொரு கோப்பும் எப்பொழுது மாற்றப்பட்டது என்பதை அப்பெட்டி குறித்து வைக்கிறது. அஞ்சல் நிலையத்தார் கடிதத்தின்மீது குத்தும் தேதி முத்திரையைப் போன்றது அக்குறிப்பு. இரண்டு நகல்களுள் எது புதியது, இன்றிரவு எந்தக் கோப்புகளுக்குக் காப்பு நகல் எடுக்க வேண்டும் என்பனவெல்லாம் பெரும்பாலும் அம்முத்திரையைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன.

இப்பெட்டி நேரத்தை எவ்வாறு அறிகிறது? இவற்றுட் பெரும்பாலானவை, 1970-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி தொடங்கி எத்தனை விநாடிகள் கழிந்தன என்று உலகப் பொது நேரத்தின்படி எண்ணிக்கொண்டே இருக்கின்றன. அந்த எண்ணிக்கைக்கு நாடும் இல்லை. கோடையும் குளிரும் இல்லை. நமக்கு மணி காட்ட வேண்டியபோது மட்டும், பெட்டி தன்னுள் இருக்கும் ஓர் அட்டவணையைப் பார்க்கிறது. கொல்கத்தா என்றால் ஐந்தரை மணி கூட்டுகிறது. நியூயார்க் என்றால் குளிர்காலத்தில் ஐந்து மணியும் கோடையில் நான்கு மணியும் கழிக்கிறது. எண்ணிக்கை இயற்கையைச் சார்ந்தது. அட்டவணையோ அரசாங்கங்களின் சட்டத்தைச் சார்ந்தது. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

நம் நாட்டுச் சட்டம் எளியது. கிழக்கு 82½ பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிய இந்திய நேரம் 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, கடிகாரங்கள் ஒரு மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டன. இன்று நமக்குக் கோடை நேரம் என்பதே இல்லை. மற்ற நாடுகளில் அப்படியன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 2005-இல் இயற்றிய எரிசக்திச் சட்டம், கோடை நேரத்தின் எல்லைகளை 2007 முதல் மாற்றியது. ஏப்ரல் முதல் ஞாயிறு தொடங்கி வந்தது, மார்ச் இரண்டாம் ஞாயிறுக்கு முன்தள்ளப்பட்டது. அக்டோபர் கடைசி ஞாயிறு முடிந்து வந்தது, நவம்பர் முதல் ஞாயிறுக்குத் தள்ளிப்போயிற்று. பழைய அட்டவணையை உடைய பெட்டிகள், 2007 மார்ச் 11 முதல் ஏப்ரல் 1 வரை அந்நாட்டில் ஒரு மணி பின்தங்கிய நேரத்தையே காட்டும் நிலையில் இருந்தன.

இங்கேதான் தவறு நேர்கிறது. பொறுப்பாளர் ஒருவர் பிழையைக் கண்டு, பெட்டியின் கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் சரியான மணி தெரியும். ஆனால் உள்ளே ஓடும் எண்ணிக்கை 3,600 விநாடிகள் பிழையாகிவிட்டது. காலை 10 மணிக்குப் பெட்டியில் எழுதப்பட்ட கோப்பு, 11 மணி முத்திரையைப் பெறுகிறது. அதே கோப்பின் நகலை வேறொருவர் தம் கணினியில் பத்தரை மணிக்குத் திருத்துகிறார். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்கும் மென்பொருள், 11 மணி நகலே புதியது என்று நம்பி, பத்தரை மணித் திருத்தத்தை அழித்துவிடலாம். ஒருவருடைய உழைப்பு சத்தமின்றி மறைந்துபோகும். மேலும், பயனாளரை அடையாளம் கண்டு அனுமதிக்கும் கெர்பரோஸ் முறை, வழக்கமான அமைப்பில் ஐந்து நிமிடங்களுக்கு மேற்பட்ட வேற்றுமையைப் பொறுத்துக்கொள்ளாது. பெட்டியின் கதவு எல்லோருக்கும் அடைபட்டுப் போகவும் கூடும்.

“எங்கள் பெட்டி வலையமைப்பு வழியே நேரத்தைத் தானே பெற்றுக்கொள்கிறதே” என்று சிலர் கேட்கலாம். அவ்வழியே வருவது உலகப் பொது நேரம் மட்டுமே. எந்த நாட்டின் சட்டமும் அதனுடன் வருவதில்லை. சட்டங்களைத் தொகுத்த அட்டவணை தனியே வர வேண்டும். ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் 1980-களில் தொடங்கிய தொகுப்பு, 2011 முதல் ஐயானா என்னும் இணைய எண் ஒதுக்கீட்டு அமைப்பின் ஆதரவில் வெளியிடப்படுகிறது. பெட்டியின் உற்பத்தியாளர் அதனைத் தம் மென்பொருளில் சேர்த்து அனுப்புகிறார்.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. முதலாவதாக, முக்கியமான கோப்புகளுக்குக் காப்பு நகல் எடுத்துவிட்டு, உற்பத்தியாளரின் புதிய மென்பொருளை ஏற்றுக. இரண்டாவதாக, நேர மண்டலத்தை ‘ஐந்து மணி கழித்தல்’ என்று எண்ணால் குறியாமல், நகரின் பெயரால் தேர்ந்தெடுக்க. எண் கோடையை அறியாது. இந்தியா முழுமைக்கும் அட்டவணையில் உள்ள பெயர் ஆசியா-கொல்கத்தா என்பதே. மூன்றாவதாக, பெட்டியை ஒருமுறை நிறுத்தி இயக்குக. ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் பழைய அட்டவணையையே நினைவில் வைத்திருக்கக்கூடும். நான்காவதாக, ஒரு சோதனைக் கோப்பை எழுதி, அதன் முத்திரையை வேறொரு கணினியிலிருந்து பார்த்து ஒப்பிடுக. புதிய மென்பொருள் கிடைக்காத பழைய பெட்டியாயின், அதனை உலகப் பொது நேரத்திலேயே விட்டுவிடுவது நலம். பயனாளரின் கணினிகள் கோப்பின் நேரத்தை உள்ளூர் நேரமாக மாற்றிக் காட்டும். ஆனால் இரவுப் பணிகளுக்குப் பெட்டியில் குறித்துள்ள மணிகளை அதற்கேற்ப மாற்றிவிட வேண்டும்.

அமெரிக்கக் கிளையில் உள்ள பெட்டியை இங்கிருந்து கவனிப்போர் இன்னொன்றையும் நினைவிற் கொள்க. அங்கே கோடை நேரம் தொடங்கும் இரவில் 2 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட பொழுது இல்லை. அது முடியும் இரவில் 1 மணிக்கும் 2 மணிக்கும் இடைப்பட்ட பொழுது இருமுறை வரும். காப்பு நகல் எடுக்கும் பணியை அவ்விடைவேளைகளில் அமைத்தால், அது தவறிப் போகலாம். இருமுறை நடக்கவும் செய்யலாம்.

இது ஒருமுறை செய்து முடித்துவிடக்கூடிய வேலையன்று. 2023 மார்ச்சில் லெபனான் அரசாங்கம், கோடை நேரம் தொடங்குவதற்குச் சில நாட்களே இருந்தபோது, ரமலான் முடியும்வரை அதை ஒத்திவைப்பதாக அறிவித்தது. மாரோனியத் திருச்சபையும் சில தொலைக்காட்சி நிலையங்களும் அதை ஏற்கவில்லை. ஒரே நாட்டில் இரண்டு நேரங்கள் வழங்கின. சில நாட்களிலேயே அரசாங்கம் தன் முடிவைக் கைவிட்டது. அட்டவணையும் ஒரு வாரத்திற்குள் இருமுறை திருத்தி வெளியிடப்பட்டது.

சட்டம் மாறும்போது மாற வேண்டியது அட்டவணை, விநாடிகளின் எண்ணிக்கையன்று. பெட்டி தவறான மணி காட்டினால், கடிகாரத்தைத் தொடுவதற்கு முன் அதன் அட்டவணை எந்த ஆண்டினது என்று கேட்டுப் பாருங்கள்.