மலையேறிய வண்டியின் நடுக்கம்

போளூரிலிருந்து ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூருக்கு ஏறும்போது, ஆக்சிலேட்டரில் கால் இருக்கும்வரை இன்ஜின் எதையும் காட்டிக்கொடுக்காது. மேலே போய், டீக்கடை ஓரமாக நிறுத்திக் காலை எடுத்த பிறகுதான் நடுக்கம் தெரியும். ஸ்டீயரிங் அதிரும். கண்ணாடியில் தெரியும் மலை கலங்கும். 'ஐடிலிங்கில் மிஸ் அடிக்குது' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

தொண்ணூறுகளில் நாங்கள் வைத்திருந்த பழைய கார், ஜவ்வாது மலைக்கு வந்தபோதெல்லாம் இப்படித்தான் நடுங்கியது. கீழே சீராக ஓடிய வண்டிக்கு மேலே என்ன வந்தது என்று அப்போது புரியவில்லை. இதே மலையில் இருக்கும் காவலூர் வானாய்வுக்கூடம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ 8 சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. சமவெளியில் வைத்த அளவிலேயே பெட்ரோலை விட்டுக்கொண்டிருக்கும். காற்று போதாமல் பெட்ரோல் மிஞ்சும், பிளக்கில் கரி படியும், இன்ஜின் திணறும்.

அன்றைய வைத்தியத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஓடும் இன்ஜினில் மெக்கானிக் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். "நான் புடுங்கறப்போ சத்தத்த மட்டும் கவனிங்க சார்" என்றார். முதல் வயரைக் கழற்றியதும் இன்ஜின் இன்னும் மோசமாகக் குலுங்கியது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யாமல் கிடந்தது. பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டினார். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தார். கடைசியாக கார்புரேட்டர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பினார். நடுக்கம் நின்றது. "கீழ போனதும் பழையபடி வெச்சுக்கோங்க" என்றும் சொல்லி அனுப்பினார்.

கோடைக்கு வேறு வித்தை இருந்தது. பத்மினியோ அம்பாசிடரோ ஏற்றத்தில் நின்றுவிட்டால், சூடேறிய பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு மரநிழலில் காத்திருப்பார்கள்.

2000-ல் மாசு விதிகள் மேலும் இறுகின. கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தது. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6. இன்றைய காரில் காற்றழுத்தத்தை ஒரு சென்சார் அளக்கிறது. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை இன்னொன்று பார்க்கிறது. உயரம் ஏற ஏற கம்ப்யூட்டரே பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. மலைக்கு வந்ததால் மட்டும் இன்றைய வண்டி நடுங்குவதில்லை. இது பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை.

ஆனால் அதே கம்ப்யூட்டர் கோளாறையும் சரிக்கட்டி மறைத்துவிடுகிறது. ரப்பர் ஹோஸில் விரிசல் விழுந்து வெளிக்காற்று உள்ளே புகுந்தால், அதற்கு ஈடாகப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். ஓர் எல்லைவரை நமக்கு எதுவும் தெரியாது. எல்லை தாண்டிய பிறகுதான் செக் இன்ஜின் விளக்கு எரியும். பழைய இன்ஜின் சின்ன வலிக்கும் முனகியது. புதியது பொறுத்துப் பொறுத்து, முற்றிய பிறகு சொல்கிறது.

போன ஆண்டு இப்போதைய வண்டியில் எனக்கு நேர்ந்தது இதுதான். விளக்கு எரிந்தது. முதலில் போன கடையில் ஸ்கேனரை மாட்டி எரர் கோடை அழித்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாளில் மறுபடி எரிந்தது. ஜமுனாமரத்தூரில் நிறுத்தியபோது வண்டி குலுங்கியது. கீழே இறங்கி வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். ஸ்கேனரில் பி0171 என்று வந்தது. கலவையில் பெட்ரோலுக்குத் தேவையானதைவிடக் காற்று கூடுதல் என்று அர்த்தம். காற்று எந்த வழியாகப் புகுகிறது என்பதை ஸ்கேனர் சொல்லாது. சூடு ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கார்ப் கிளீனரை ஹோஸ்கள் மேல் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சட்டென்று இன்ஜின் சத்தம் மாறியது. அங்கே விரல் நகம் நீளத்துக்கு ஒரு விரிசல்.

ஐடிலிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான். அதில் திருட்டுவழியில் புகும் காற்றின் பங்கு பெரிது. வேகமெடுத்தால் அந்தப் பங்கு சிறுத்துவிடும். ஓடும்போது சரியாக இருந்த வண்டி நின்றதும் நடுங்கியதற்குக் காரணம் இதுதான்.

மலையேறுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் உடனே ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் எரிந்து கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும், அதை மாற்றுவது பெருஞ்செலவு. விளக்கு மின்னாமல் நிலையாக எரிந்தால் நிதானமாக மெக்கானிக்கிடம் ஓட்டிப் போகலாம். அங்கே எரர் கோடை அழிப்பதற்கு முன், அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.