286 கி.மீ. தொலைவில் இருந்து அறுவை சிகிச்சை: எவ்வாறு சாத்தியமாகிறது?

ஹரியாணா மாநிலம் குருகிராமில் இருந்த மருத்துவர், ராஜஸ்தான் தலைநகர் ஜெய்ப்பூரில் இருந்த நோயாளிக்கு 2025 ஜனவரியில் இதய அறுவை சிகிச்சை மேற்கொண்டார். இரு இடங்களுக்கும் இடையே 286 கி.மீ. தொலைவு. இந்தியாவில் உருவாக்கப்பட்ட 'எஸ்எஸ்ஐ மந்த்ரா' என்ற ரோபோ சாதனத்தைக் கொண்டு மருத்துவர் சுதிர் ஸ்ரீவஸ்தவா இதனைச் செய்தார்.

செயல்படும் விதம்

ரோபோ என்று அழைக்கப்பட்டாலும், இச்சாதனம் தானாக முடிவெடுத்து அறுவை சிகிச்சை செய்வதில்லை. நோயாளியின் உடலுக்குள் செலுத்தப்பட்ட கேமரா அனுப்பும் முப்பரிமாணக் காட்சியைத் திரையில் பார்த்தபடி, மருத்துவர் கைப்பிடிகளை இயக்குகிறார். அந்த அசைவுகள் சமிக்ஞைகளாக மாறி, நோயாளியின் அருகில் உள்ள ரோபோ கரங்களை இயக்குகின்றன. மருத்துவரின் கை நடுக்கம் வடிகட்டப்படுகிறது. சிறு துளைகள் வழியே சிகிச்சை நடைபெறுவதால், பெரிய கீறலுடன் ஒப்பிடுகையில் ரத்த இழப்பும் வலியும் பொதுவாகக் குறைவு.

தாமதமே முக்கியச் சவால்

மருத்துவரின் கை அசைவதற்கும், அதன் விளைவு திரையில் தெரிவதற்கும் இடையே சிறு தாமதம் ஏற்படும். இது அதிகரித்தால், அவர் காண்பது சற்று முன்பு நிகழ்ந்த காட்சியாகிவிடும். நிறுத்த வேண்டிய இடத்தைக் கருவி தாண்டினால் ரத்தக் குழாய் சேதமடையக்கூடும்.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. வேகத்தில் செல்வதால், 286 கி.மீ. தொலைவைக் கடக்க 2 மில்லி விநாடிகூடத் தேவையில்லை. காணொலியைச் சுருக்கி அனுப்பி மீண்டும் விரிப்பதிலும், வலையமைப்பின் இடைநிலைக் கருவிகளிலுமே கூடுதல் நேரம் செலவாகிறது.

2001 செப்டம்பர் 7-ஆம் தேதி நியூயார்க்கில் இருந்தபடி, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இருந்த பெண்ணின் பித்தப்பையை மருத்துவர் ழாக் மாரெஸ்கோ குழுவினர் அகற்றினர். அப்போது சராசரி தாமதம் 155 மில்லி விநாடிகள். ஜெய்ப்பூர் சிகிச்சையில் இது 35 முதல் 40 மில்லி விநாடிகளாக இருந்தது. முன்னதாக 2018 டிசம்பரில், குஜராத்தின் காந்திநகரில் இருந்து சுமார் 32 கி.மீ. தொலைவில் அகமதாபாதில் இருந்த நோயாளிக்கு, ரோபோ மூலம் இதய ரத்தக் குழாய் அடைப்பை மருத்துவர் தேஜஸ் படேல் நீக்கினார்.

யாருக்குப் பயன்?

உலகில் சுமார் 500 கோடி பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் செலவிலான அறுவை சிகிச்சை எட்டவில்லை என லான்செட் ஆணையம் 2015-இல் தெரிவித்தது. நிபுணர்கள் பெருநகரங்களிலேயே குவிந்துள்ள இந்தியாவில், சிறு நகர நோயாளிகளின் அலைச்சலை இத்தொழில்நுட்பம் குறைக்கக்கூடும்.

ஆனால், நோயாளியின் அருகில் மயக்கவியல் மருத்துவரும் செவிலியர்களும் இருந்தாக வேண்டும். இணைப்பு துண்டிக்கப்பட்டால், உடனடியாகச் சிகிச்சையைத் தொடரும் திறன் பெற்ற அறுவை சிகிச்சை மருத்துவரும் அங்கேயே தேவை. தடையற்ற மின்சாரம், ரத்த வங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவையும் அவசியம். இவை இல்லாத மாவட்ட மருத்துவமனைக்கு ரோபோ சாதனத்தை மட்டும் வழங்குவதால், அங்குள்ள நோயாளிகளின் நிலை மாறிவிடாது.