ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பறப்பு 812

ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பறப்பு 812 என்பது ஐக்கிய அரபு அமீரகத்தின் துபாய் நகரிலிருந்து இந்தியாவின் கர்நாடக மாநிலத்திலுள்ள மங்களூருக்கு இயக்கப்பட்ட பயணிகள் விமான சேவையாகும். 2010 மே 22 அன்று காலை சுமார் 6:05 மணிக்கு மங்களூர் விமான நிலையத்தில் தரையிறங்கிய போயிங் 737-800 வகை விமானம் ஓடுபாதையின் முடிவைக் கடந்து சென்று பள்ளத்தாக்கில் வீழ்ந்து தீப்பற்றியது. விமானத்தில் இருந்த 166 பேரில் 158 பேர் உயிரிழந்தனர்; 8 பயணிகள் உயிர் தப்பினர். நிகழ்ந்த காலத்தில், உயிரிழப்பின் அடிப்படையில் இந்தியாவின் மூன்றாவது பெரிய விமான விபத்தாக இது இருந்தது. 1996 ஆம் ஆண்டின் சர்க்கி தாத்ரி விபத்தும் 1978 ஆம் ஆண்டின் ஏர் இந்தியா பறப்பு 855 விபத்தும் அதற்கு முந்தைய இரண்டு பெரிய விபத்துகளாகும்.

விமான நிலையம்

மங்களூர் விமான நிலையம் நகருக்கு அருகே பஜ்பே என்னும் இடத்தில் ஒரு குன்றின் மேல் அமைந்துள்ளது. குன்றின் உச்சியைச் சமப்படுத்தி ஓடுபாதை அமைத்துள்ளதால், அதன் முனைகளுக்கு அப்பால் நிலம் சரிந்து பள்ளமாகிறது. மேசையின் மேற்பரப்பைப் போல் தோற்றமளிப்பதால் இத்தகைய ஓடுபாதைகள் 'டேபிள் டாப்' ஓடுபாதைகள் எனப்படுகின்றன. சமவெளியில் உள்ள நிலையங்களில் ஓடுபாதையைக் கடந்து செல்லும் விமானம் வயல்வெளியிலோ புல்தரையிலோ நிற்க வாய்ப்புண்டு. இங்கு அவ்வாய்ப்பு மிகக் குறைவு.

விபத்து நிகழ்ந்த 24 ஆம் எண் ஓடுபாதை 2006 ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. இதன் நீளம் சுமார் 2,450 மீட்டர், அதாவது 8,033 அடி ஆகும். போயிங் 737-800 விமானம் முறையாகத் தரையிறங்க இந்நீளம் போதுமானது.

விமானமும் பயணிகளும்

விமானம் 2008 ஆம் ஆண்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. விபத்தின்போது அதன் வயது இரண்டரை ஆண்டுகளுக்கும் குறைவு. 160 பயணிகளும் 6 பணியாளரும் அதில் இருந்தனர். பயணிகளில் பலர் வளைகுடா நாடுகளில் பணிபுரிந்து விடுமுறைக்கு ஊர் திரும்பியோரும் அவர்தம் குடும்பத்தினரும் ஆவர். கேரளத்தின் காசர்கோடு, கர்நாடகத்தின் தட்சிண கன்னடம், உடுப்பி, பட்கல் ஆகிய பகுதிகளைச் சேர்ந்தோர் மிகுதியாக இருந்தனர். தலைமை விமானி 10,000 மணி நேரத்திற்கு மேற்பட்ட பறப்பு அனுபவம் உடையவர். துணை விமானியும் மங்களூருக்குப் பலமுறை வந்து சென்றவர்.

விபத்து நிகழ்ந்த விதம்

விமானம் துபாயிலிருந்து நள்ளிரவுக்குப் பின் புறப்பட்டது. விமானியறை ஒலிப்பதிவுக் கருவியில் பறப்பின் இறுதி 2 மணி 5 நிமிடங்கள் பதிவாகியிருந்தன. அதில் சுமார் 1 மணி 40 நிமிட நேரம் தலைமை விமானி உறங்கிக்கொண்டிருந்தார் என்பது விசாரணையில் தெரியவந்தது. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து விழித்த ஒருவருக்குச் சிறிது நேரம் சிந்தனையும் முடிவெடுக்கும் திறனும் மந்தமாக இருக்கும். இதனை உறக்க மந்தம் எனலாம். பின்னிரவும் விடியற்காலையும் மனித உடல் மிகவும் சோர்ந்திருக்கும் வேளையாதலால் இவ்விளைவு மேலும் கூடுதலாகும்.

மங்களூர் நிலையத்தின் ராடார் மே 20 முதல் இயங்கவில்லை. இதனால் விமானங்கள் வழக்கத்தைவிட நிலையத்தை நெருங்கிய பின்னரே கீழிறங்க அனுமதிக்கப்பட்டன. இதை ஈடுகட்டும் வகையில் இறக்கம் திட்டமிடப்படாததால் விமானம் இருக்கவேண்டிய உயரத்தைவிட மிக மேலேயே ஓடுபாதையை அணுகியது. பின்னர் அது செங்குத்தாகக் கீழிறக்கப்பட்டது.

தரையிறங்கும் விமானம் குறிப்பிட்ட உயரத்திற்குக் கீழே வரும்போது வேகம், இறங்கும் வீதம், திசை ஆகிய யாவும் வரையறுத்த அளவுக்குள் இருத்தல் வேண்டும். இதுவே நிலைப்பட்ட அணுகல் எனப்படும். இவற்றுள் ஒன்று தவறினாலும் தரையிறங்கும் முயற்சியைக் கைவிட்டு, மீண்டும் மேலெழுந்து, ஒருமுறை சுற்றிவந்து இறங்கவேண்டும் என்பது விமானிகளுக்கான விதி. பறப்பு 812 இன் அணுகல் நிலைப்படாத ஒன்றாகும். தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி பலமுறை ஒலித்தது. துணை விமானி மூன்று முறை மீண்டும் மேலெழும்படி கூறினார். தலைமை விமானி தரையிறங்கும் முயற்சியைத் தொடர்ந்தார்.

ஓடுபாதையின் தொடக்கத்தை 50 அடி உயரத்தில் கடக்கவேண்டிய விமானம் சுமார் 200 அடி உயரத்தில் கடந்தது. 144 நாட் ஆக இருக்கவேண்டிய வேகம் 160 நாட்டிற்கும் மேலாக இருந்தது. இறுதியில் சுமார் 5,200 அடி தொலைவில் சக்கரங்கள் நிலத்தில் படிந்தன. எஞ்சியிருந்தது ஏறத்தாழ 2,800 அடி மட்டுமே. தடையும் எதிர்உந்து விசையும் இயக்கப்பட்ட பின்னர், தலைமை விமானி மனம் மாறி மீண்டும் மேலெழ முயன்றார். வேகம் குறைந்துவிட்ட நிலையில் அதற்குப் போதிய தொலைவு இல்லை. ஓடுபாதை முடிவுக்கு அப்பால் வழிகாட்டும் அலைவாங்கியைத் தாங்கியிருந்த கான்கிரீட் கட்டமைப்பில் வலது இறக்கை மோதியது. விமானம் வேலியை உடைத்துக்கொண்டு பள்ளத்தாக்கில் வீழ்ந்து தீப்பற்றியது. உடைந்த உடற்பகுதியின் பிளவு வழியே வெளியேறியவர்களே உயிர் பிழைத்தனர்.

விசாரணை

இந்திய அரசு, வான்படையின் முன்னாள் துணைத் தளபதி, ஓய்வுபெற்ற ஏர் மார்ஷல் பி. என். கோகலே தலைமையில் விசாரணை நீதிமன்றம் ஒன்றை அமைத்தது. நிலைப்படாத அணுகலைத் தலைமை விமானி கைவிடாமையும், மூன்று அழைப்புகளையும் கருவியின் எச்சரிக்கைகளையும் பொருட்படுத்தாமல் தரையிறக்கத்தைத் தொடர்ந்தமையுமே விபத்தின் நேரடிக் காரணம் என அது முடிவு செய்தது. நீண்ட உறக்கமும் ராடார் இயங்காமையும் துணைக் காரணங்களாகக் குறிப்பிடப்பட்டன. வானிலையை இதற்குக் காரணமாகக் கூற இயலாது. தரையிறங்கிய வேளையில் காண்தொலைவு 6 கிலோமீட்டராக இருந்தது.

அறிக்கை சுட்டிய மற்றொரு காரணம் குறிப்பிடத்தக்கது. துணை விமானி தாமாகவே மீண்டும் மேலெழும் அதிகாரம் பெற்றவரா என்பது குறித்த அறிவுறுத்தல்கள் தெளிவற்றிருந்தன. ஆகவே ஆபத்தை உணர்ந்திருந்தும், அவர் சொல்வதோடு நின்றார். கட்டுப்பாட்டைத் தாம் எடுத்துக்கொள்ளவில்லை. விமானியறையில் இரண்டாவது விமானி இருப்பதன் நோக்கமே ஒருவர் தவறும்போது மற்றவர் திருத்துவதாகும். மூத்தவரை எதிர்த்துச் செயற்படத் தயங்கும் நிலை உள்ளவரை இவ்வேற்பாடு முழுப் பயன் தராது.

ஓடுபாதையின் முனைக்கு அப்பால் கட்டமைப்புகள் மோதியவுடன் எளிதில் உடையக்கூடியனவாக இருத்தல் வேண்டும் எனவும், விமானத்தைத் தடுத்து நிறுத்தும் மென்தளங்கள் அமைக்கப்படவேண்டும் எனவும் பரிந்துரைக்கப்பட்டது.

இழப்பீடும் நினைவிடமும்

உயிரிழந்த பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோரின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு அறிவிக்கப்பட்டது. இறுதி இழப்பீடு தொடர்பான வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீடித்தன. ஒரு குடும்பத்துக்கு 7.64 கோடி ரூபாய் வழங்குமாறு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 2020 ஆம் ஆண்டில்தான். விபத்தில் இறந்தோருக்கான நினைவிடம் மங்களூரின் கூளூர் பகுதியில் அமைந்துள்ளது.

பிற்காலத்தில்

2020 ஆகஸ்ட் 7 அன்று இதே நிறுவனத்தின் பறப்பு 1344, துபாயிலிருந்து வந்து கேரளத்தின் கோழிக்கோடு விமான நிலையத்தில் மழையில் தரையிறங்கியபோது ஓடுபாதையைக் கடந்து சரிவில் வீழ்ந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் உயிரிழந்தனர். கோழிக்கோடும் டேபிள் டாப் நிலையமே. அங்கும் நிலைப்படாத அணுகலுக்குப் பின் விமானம் ஓடுபாதையின் தொடக்கத்திலிருந்து 4,400 அடிக்கு அப்பால் நிலத்தைத் தொட்டது. அங்கும் மேலெழும்படி துணை விமானி கூறினார். ஆனால் கட்டுப்பாட்டைத் தாம் ஏற்கவில்லை என விசாரணை அறிக்கை தெரிவித்தது. பத்து ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரு விபத்துகளும் விமானிகளுக்கான பயிற்சிகளில் ஒருங்கே எடுத்துக்காட்டத் தக்கவையாகும்.