ஆண் மலட்டுத்தன்மையும் ஆய்வகக் கருவூட்டல் நுட்பங்களும்

சென்னை வடபழனி முருகன் கோயிலுக்கு மகப்பேறு வேண்டிச் சஷ்டி விரதம் இருப்போர் வருகின்றனர். அதே பகுதியில் ஆற்காடு சாலையையொட்டிக் கருத்தரிப்பு மையங்களின் பெயர்ப்பலகைகளையும் காணலாம். தமிழ் வழக்கில் ‘மலடி’ என்னும் சொல் பரவியுள்ள அளவிற்கு ‘மலடன்’ பரவவில்லை. குறை பெண்ணுடையதே என்னும் எண்ணம் சொல்லிலேயே படிந்துள்ளது. உண்மையில் குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதியளவில், தனித்தோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ, ஆணின் காரணமும் உள்ளது.

முதற்படி விந்துப் பகுப்பாய்வு. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேடு, ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள், 42 விழுக்காடு அசைவு ஆகியவற்றைக் கீழ்மட்ட அளவுகளாகத் தருகிறது. இவ்வளவிற்குக் குறைந்தோரும் தந்தையாவதுண்டு என்பதால், இதனைத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

1990இல் மருத்துவர் கமலா செல்வராஜின் சிகிச்சையில் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை சென்னையில் பிறந்தது. அம்முறையில் ஒரு முட்டையைச் சுற்றி ஆயிரக்கணக்கான விந்தணுக்கள் விடப்பட வேண்டும்; எண்ணிக்கை மிகக் குறைந்த ஆண்களுக்கு அது பயன்படவில்லை. 1992இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பலெர்மோ குழுவினர் வெளியிட்ட ‘இக்சி’ முறை இத்தடையை நீக்கியது. இதில் முட்டையைச் சூழ்ந்த செல்கள் நொதியால் அகற்றப்படுகின்றன. பிசுபிசுப்பான கரைசலில் வேகம் தணிந்த விந்தணு ஒன்றின் வால் கண்ணாடி ஊசியால் அழுத்தப்பட்டு, அசைவு நிறுத்தப்படுகிறது. பின்னர் அது முட்டையினுள் செலுத்தப்படுகிறது. முட்டையின் துருவச்செல் ஊசியின் வழியில் வராதவாறு வைக்கப்படும். அதனருகே உள்ள குரோமோசோம் அமைப்பு சிதையக்கூடாது என்பதே காரணம். ஏறத்தாழ 16 முதல் 18 மணி நேரத்திற்குப் பின் இரு முன்கருக்கள் தோன்றினால் கருவுறுதல் நிகழ்ந்ததென்று அறியலாம்.

விந்தில் அணுவே இல்லாதபோது விரையிலிருந்து ஊசியாலோ, நுண்ணோக்கி அறுவையாலோ அணுக்கள் தேடி எடுக்கப்படுகின்றன. ஆயினும் அறுவைக்குமுன் ஒய் குரோமோசோம் சோதனை தேவை. அதன் ‘ஏ’ பகுதி முழுமையாக அழிந்திருப்பின் அணு கிடைப்பதில்லை என்றே கூறலாம். ‘சி’ பகுதி அழிந்திருப்பின் கிடைக்கக்கூடும். ஆனால் பிறக்கும் மகனுக்கும் அக்குறை செல்லும்.

ஓர் அணுவே போதும் என்ற நிலை, ஆணை ஆராயாமலே இக்சிக்குச் செல்லும் பழக்கத்திற்கும் இடமளித்துள்ளது. தசை வளர்ச்சிக்காகப் போடப்படும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை நிறுத்தினாலே பலருக்கு அணு உற்பத்தி சில மாதங்களில் மீள்கிறது. அதனைக் கேட்டறியாதபோது, ஆணின் குறைக்காக நாள்தோறும் இயக்குநீர் ஊசியும் முட்டை எடுப்பும் மனைவியின் உடலுக்கே நேர்கின்றன.