உங்களுக்குத் தெரியுமா? – டாக்டருக்குப் படித்துக்கொண்டே கேப்டன்!

சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணிக்குக் கேப்டனான தலிமெரன் ஆவோ, அப்போது கல்கத்தாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த நாகா இளைஞர். மோகன் பகான் ஆட்டக்காரர். 1948 லண்டன் தொடக்க விழாவில் தேசியக் கொடியை ஏந்தி வந்தவரும் அவரே. பிரான்சுடன் மோதியபோது நம்மவர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் போடவில்லை. சிலர் பாதத்தில் கட்டுத்துணி சுற்றியிருந்தார்கள். தோல்விக்கு வெறுங்காலைக் குறை சொல்ல முடியாது. கிடைத்த இரண்டு பெனால்டியையும் அல்லவா கோட்டைவிட்டார்கள்! எஸ். ராமன் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தும், ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் இன்னொன்றை அடிக்க, 2-1. ஆவோ படிப்பை விடவில்லை. 1950இல் டாக்டரானவர், பின்னாளில் நாகாலாந்து சுகாதாரத் துறை இயக்குநராகி 1978இல் ஓய்வுபெற்றார்.